நாற்பதில் திரும்பும் வயது

“சிரிக்க வைக்கிறவங்க எல்லாருமே உள்ளுக்குள்ள அழுதவங்கதான்.” ஒரு வாசகர் சந்திப்பில் ஒருவர் இப்படிச் சொல்லிவிட்டு உதாரணத்துக்கு, வங்காளத்தில் குழந்தைகளுக்கு வேடிக்கைப் பாட்டும் கதையும் எழுதிய சுகுமார் ராயை இழுத்தார். பாதிப் பேர் தலையாட்டினார்கள், பின் வரிசையில் யாரோ உச்சுக்கொட்டினார்கள், பேச்சு அடுத்த ஆளுக்குப் போய்விட்டது. எனக்கு மட்டும் அது அங்கேயே நின்றுவிட்டது. சந்திரபாபுவைப் பற்றிப் பேசினாலும் இதே வாக்கியம், சாப்ளினைப் பற்றிப் பேசினாலும் இதே வாக்கியம். சொல்கிறவருக்கு ஆழமாகப் பேசிய திருப்தி, கேட்கிறவருக்கு ஆழமாகக் கேட்ட திருப்தி. சுகுமார் விஷயத்தில் அதற்கு ஆதாரமும் தாராளமாகக் கிடைக்கும் என்பதுதான் சங்கடம். 35 வயதில் காலா அசார் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவர். ஒரே மகன் சத்யஜித்துக்கு, பின்னாளில் சினிமா எடுத்த அதே சத்யஜித் ராய்க்கு, அப்போது இரண்டரை வயதுகூட ஆகவில்லை. ‘ஆபோல் தாபோல்’ என்ற அந்தப் புகழ்பெற்ற பாட்டுப் புத்தகம் அச்சாகி வெளியே வந்தது அவர் இறந்து ஒன்பது நாள் கழித்து, 1923 செப்டம்பர் 19 அன்று. அதன் கடைசி வரியில், தூக்கம் கவிந்து வருகிறது, என் பாட்டு முடிந்தது என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இவ்வளவும் கையில் இருந்தால் யார் வாயிலும் அந்த வாக்கியம் வந்துவிடும்.

கொல்கத்தாவில் சில வருஷம் வேலை பார்த்தபோது எங்கள் மாடிக்கு எதிர் வீட்டில் ஒரு பாட்டியும் பேரனும் இருந்தார்கள். சாயங்காலம் கரண்ட் போனால் பாட்டி ஒரு பாட்டை ஆரம்பிப்பார், பேரன் முடிப்பான். பாபுராம் என்ற பாம்பாட்டியை நிறுத்தி ஒருவன் இரண்டு பாம்பு கேட்கிற பாட்டு அது. கண் இருக்கக் கூடாது, கொம்பு கூடாது, நகம் கூடாது. ஓடக் கூடாது, நடக்கக் கூடாது, யாரையும் கடிக்கக் கூடாது. சீறாமல், முட்டாமல், ஒரு வம்புதும்புக்கும் போகாமல் பாலும் சோறும் மட்டும் தின்கிற பாம்பு, அதுவும் உயிரோடு வேண்டும். கொண்டுவந்தால் என்ன செய்வாய் என்றால், தடியால் நாலு போடு போட்டுத் தீர்த்துக்கட்டுவேன் என்கிறான் அந்த வீரன். பேரன் இந்த இடத்தில் தலையணையை எடுத்து வைத்து மொத்துவான். வங்காளத்தில் இந்தப் பாட்டைத் தெரியாத குழந்தையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எனக்கு வங்காளி எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான் வந்தது. ஆனால் சுகுமாரை நான் முதலில் அறிந்தது அந்த இருட்டில், அந்தத் தலையணை அடியோடுதான். அதனால்தானோ என்னவோ, அழுகைக் கதையோடு அவர் முகம் எனக்கு ஒட்டவே மாட்டேன் என்கிறது.

கோபம் செய்கிற விளையாட்டு

ஆங்கிலத்தில் இதே மாதிரி கிறுக்குப் பாட்டும் கதையும் எழுதிய எட்வர்ட் லியர், லூயிஸ் கரோல் இருவரோடும் சுகுமாரைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். எழுத்தில் உறவு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் இருவரும் கல்யாணம் ஆகாத தனி ஆட்கள். மற்றவர் வீட்டுக் குழந்தைகளைச் சிரிக்கவைக்கப் பாட்டும் கதையும் கட்டியவர்கள். சுகுமார் வளர்ந்த வீட்டில் தனிமைக்கு இடமே இல்லை. கொல்கத்தா கார்ன்வாலிஸ் தெருவில் 13-ஆம் எண் கட்டடம். அப்பா உபேந்திரகிஷோர் படம் வரைவார், வயலின் வாசிப்பார், குழந்தைகளுக்கு ராமாயணமும் மகாபாரதமும் எழுதுவார். அம்மா விதுமுகியின் தகப்பனார் துவாரகாநாத் கங்குலி, பெண் கல்விக்காகச் சண்டை போட்டுப் பேரெடுத்த பிரம்ம சமாஜக்காரர். அவருடைய இரண்டாவது மனைவி காதம்பினி கங்குலி 1883-இல் பட்டம் பெற்ற முதல் இரண்டு இந்தியப் பெண்களில் ஒருவர், பிறகு டாக்டரானவர். இந்தக் குழந்தைகளுக்கு அவர் பாட்டி முறை. பெரியப்பா சாரதாரஞ்சன் வங்காளத்தில் கிரிக்கெட்டைப் பரப்பியவர். ஒரு சித்தப்பா சர்வே இலாகாவில் காடு காடாகச் சுற்றிவிட்டுப் புலிக் கதைகளோடு திரும்புவார்.

ஆறு குழந்தைகளில் சுகுமார் இரண்டாவது, 1887-இல் பிறந்தவர். மூத்த அக்கா சுகலதாவுக்கு வீட்டுப் பெயர் ஹாசி, இவருக்குத் தாதா. இரண்டும் தாகூரின் ‘ராஜரிஷி’ நாவலில் வரும் அக்கா தம்பியின் பெயர்கள். தாகூர் உபேந்திரகிஷோருக்கு நண்பர். நண்பரின் நாவலிலிருந்து பெயரை எடுத்துப் பிள்ளைகளுக்குச் சூட்டுகிற வீடு என்றால் மற்றதை ஊகித்துக்கொள்ளலாம்.

தங்கை புண்யலதா பின்னாளில் தன் குழந்தைப்பருவ நினைவுகளை எழுதினார். இந்த வீட்டைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் நல்லதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அப்பாவின் பெரிய புத்தகம் ஒன்றிலிருந்து மிருகப் படங்களைக் காட்டி அண்ணன் கதை சொல்வானாம். புத்தகத்து மிருகம் தீர்ந்ததும் சொந்த மிருகங்கள் கிளம்பும். பொபந்தோலா என்று ஒன்று, ஆடி ஆடி தொப்புத்தொப்பென்று நடக்கும். மொந்துபாயின் என்று ஒன்று, தன் நீண்ட மெல்லிய கழுத்தை முறுக்கி முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும். கோம்பு என்று ஒன்று, வட்ட முகமும் முழித்த கண்ணுமாக இருட்டு வராந்தா மூலையில் சுவர் ஆணியில் வௌவால் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த ஆணியைக் கவனியுங்கள். பிராணி கற்பனை, ஆணி அவர்கள் வீட்டு ஆணி. ராத்திரி தண்ணீர் குடிக்க அந்த வராந்தா வழியாகத்தானே போக வேண்டும்! பிற்காலத்து சுகுமாரின் வேலை முறை முழுவதும் அந்த ஆணியில் தொங்குகிறது என்பேன்.

அதைவிட முக்கியமான இன்னொன்றும் புண்யலதா சொல்கிறார். யார் மேலாவது கோபம் வந்து, திருப்பிச் செய்ய வழியில்லாமல் குழந்தைகள் பொருமிக்கொண்டிருந்தால் அண்ணன், “வா, கோபம் செய்யலாம்” என்பானாம். சம்பந்தப்பட்ட ஆளைப் பற்றி ஆளுக்கொரு கதை கட்ட வேண்டும். அவருக்கு என்னென்ன அசட்டு அவஸ்தைகள் வருகின்றன, எங்கெங்கே முழிக்கிறார் என்று அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரே விதி, அதில் அவருக்குக் கெடுதல் நினைக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் கோபம் எங்கே போயிற்று என்று தெரியாமல் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள். இதைப் படித்த பிறகு ‘ஆபோல் தாபோல்’ ஆட்களைப் பார்த்தால் அடையாளம் தெரிகிறது. மீசை திருடு போய்விட்டது என்று அலறி, முகத்திலேயே மீசை இருந்தும் நம்பாமல் குமாஸ்தாக்களுக்கு அபராதம் போடுகிற ஹெட் ஆபீஸ் பெரியவர். மெட்ரிக்கில் பத்தொன்பது முறை தோற்றுவிட்டுக் கடைசியில் ஓய்ந்த மாப்பிள்ளை கங்காராம். ஆறு மணிக்கு முன்னால் தும்ம டிக்கெட் வாங்க வேண்டும், வாங்காமல் தும்மினால் மூக்குப்பொடி போட்டு இருபத்தொரு தும்மல் தும்ம வைப்போம் என்கிற சட்டம். இதில் வெள்ளைக்காரன் ஆட்சி மேல் கிண்டல் இருக்கிறது என்பார்கள், இருக்கட்டும். கோபம் செய்கிற விளையாட்டு பெரியவர்கள் உலகத்துக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வீட்டில் பிறந்த விளையாட்டு. அந்த வாசகர் சொன்ன மாதிரி தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உண்டாக்கியது இல்லை.

ராம்கருடனின் குஞ்சுகள் என்று ஒரு பாட்டு உண்டு. அவற்றுக்குச் சிரிக்கத் தடை. யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே செத்துப் பிழைக்கும், ஒரு கண்ணை இடுக்கி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே இருக்கும். தன் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் அந்தக் குஞ்சுகளின் வீட்டை அவர் எழுதியிருக்க வேண்டும்.

கீழே அச்சுக்கூடம், மேலே வீடு

என் பெரியப்பா ஊரில் சின்ன டிரெடில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கூடவே உள்ளூர்ச் சங்கம் ஒன்றின் மாதப் பத்திரிகை. பக்கத்தின் அடியில் இடம் மிஞ்சிவிட்டால் அச்சுக்கோப்பவர் மை படிந்த கையோடு வாசலுக்கு வந்து நிற்பார். “ஐயா, நாலு வரி இருக்கு.” பெரியப்பா காபி டம்ளரைக் கீழே வைக்காமல் ஒரு துணுக்குச் சொல்வார். அந்த நாலு வரிக்குச் சரியாக நிற்கும், ஒரு வார்த்தை வழியாது. அந்த நேரத்தில் அவர் எந்தத் துயரத்தில் இருந்தார் என்று எவரும் கேட்டதில்லை. வட்டிக் கடன் இருந்தது, எனக்குத் தெரியும். துணுக்கு அதிலிருந்து வரவில்லை, மிஞ்சிய இடத்திலிருந்து வந்தது.

சுகுமாரின் வீடு இதையே பெரிய அளவில் செய்தது. உபேந்திரகிஷோர் அச்சுத் தொழிலுக்கு வந்த காரணமே ஒரு எரிச்சல். குழந்தைகளுக்கான ராமாயணத்துக்கு அவர் பார்த்துப் பார்த்து வரைந்த படங்களை மரக்கட்டை பிளாக்கில் கெடுத்துவிட்டார்கள். சரி, நாமே செய்வோம் என்று இங்கிலாந்திலிருந்து கருவிகளை வரவழைத்து 1895-இல் தொழில் தொடங்கினார். ஹாஃப்டோன் பிளாக் என்பது படத்தைச் சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக உடைக்கிற வித்தை. நெருக்கமாகக் கோடு போட்ட கண்ணாடித் திரை ஒன்றைக் கேமராவுக்குள் பிளேட்டுக்கு முன்னால் வைக்க வேண்டும். எவ்வளவு இடைவெளியில் வைப்பது, லென்ஸ் துவாரம் எந்த அளவு, கோடுகள் எந்தச் சாய்வு என்பதில் படம் பிழைப்பதும் சாவதும் இருக்கிறது. மற்றவர்கள் கைப்பழக்கத்தில் குத்துமதிப்பாகச் செய்துகொண்டிருந்ததை இவர் கணக்குப் போட்டு வகுத்தார். லண்டனிலிருந்து வந்த பென்ரோஸ் ஆண்டு மலரில், அந்தத் தொழிலின் தலையாய வெளியீட்டில், இவர் கட்டுரைகள் வரிசையாக வந்தன.

மகனும் அதே ரகம். பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகம், ரசாயனம் இரண்டிலும் ஹானர்ஸ். அந்த வயதிலேயே ‘நான்சென்ஸ் கிளப்’ தொடங்கி, ‘முப்பத்திரண்டரை வறுவல்’ என்ற அர்த்தத்தில் பெயர் வைத்துக் கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். 1911-இல் உதவித்தொகையில் லண்டன் போய் அச்சுத் தொழில்நுட்பம் படித்தார், பிறகு மான்செஸ்டர். திரும்பி வந்தது 1913-இல். அதே வருஷம்தான் அப்பா ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் மாத இதழைத் தொடங்கியிருந்தார். அதே வருஷக் கடைசியில் சுப்ரபாவோடு கல்யாணம். அடுத்து கர்பார் சாலை 100-ஆம் எண்ணில் அப்பா எழுப்பிய மூன்று மாடி வீட்டுக்குக் குடும்பமும் அச்சகமும் ஒன்றாகக் குடியேறின. அந்த வீட்டில் தவழ்ந்த சத்யஜித், ஏதாவது கிறுக்கிய காகிதத்தை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போய் “இது சந்தேஷுக்கு” என்று கொடுத்ததையும், அங்கே வேலை பார்த்தவர் தூக்கிப் பிடித்துக் கேமராக் கண்ணாடியில் அந்தக் கிறுக்கல் தலைகீழாகத் தெரிவதைக் காட்டியதையும் எழுதியிருக்கிறார். டர்பென்டைன் வாசனை வந்தாலே அந்த இடம் கண்ணுக்கு வந்துவிடுமாம்.

1915-இல் அப்பா காலமானதும் ‘சந்தேஷ்’ பொறுப்பு சுகுமாரிடம் வந்தது. மாதம் பிறந்தால் இதழ் வர வேண்டும். கதை, நாடகம், புதிர், அறிவியல் கட்டுரை, வாழ்க்கை வரலாறு, எல்லாவற்றுக்கும் படம். பெரும்பகுதி இவர் தலையில். இன்று நாம் ஒரே புத்தகமாகக் கையில் வைத்துக்கொண்டு அழகு பார்க்கிற ‘ஆபோல் தாபோல்’ பாட்டுகளில் பெரும்பாலானவை இப்படி மாதம் ஒன்றாக இறங்கியவை. அவற்றில் முதலாவது, உயிர்களைக் கலந்து கிச்சடி செய்கிற பாட்டு. அப்பா இருந்தபோதே 1915-இல் வந்துவிட்டது. வாத்தும் முள்ளம்பன்றியும் சேர்ந்து ஒன்றாகிவிடுகின்றன, இலக்கணத்தைப் பொருட்படுத்துவதாக இல்லை என்று அடைப்புக்குறிக்குள் அறிவிப்பு. கொக்கும் ஆமையும் சேர்கின்றன. கிளி மூஞ்சி வந்த ஓணானுக்குப் பெரிய கவலை, இனி பூச்சியை விட்டுவிட்டுப் பச்சை மிளகாய் தின்ன வேண்டுமா என்று. யானையும் திமிங்கிலமும் ஒட்டிய பிராணிக்குள் சண்டை. திமிங்கிலப் பாதி தண்ணீருக்குப் போகலாம் என்று நினைக்கிறது, யானைப் பாதி காட்டுக்கு வா தம்பி என்கிறது. விசித்திர மிருகம் வரைய ஆயிரம் பேரால் முடியும். அதற்கு அடுத்த வேளை சாப்பாடு என்ன என்று யோசிக்கிறவர் அபூர்வம். ஹாஃப்டோன் திரையின் இடைவெளியைக் கணக்குப் போட்ட வீட்டுப் பிள்ளைக்கு அந்த யோசனை வருவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

காக்கையின் கணக்கு

1921 மே மாதம் சத்யஜித் பிறந்தார். அதே வருஷம் சுகுமாருக்குக் காலா அசார். அந்தக் காய்ச்சலுக்கு மருந்து அதே கொல்கத்தாவில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. உபேந்திரநாத் பிரம்மச்சாரி யூரியா ஸ்டிபமைனைக் கண்டுபிடித்துச் சோதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. அது பரவலாகப் புழக்கத்துக்கு வருவதற்குள் இவர் காலம் முடிந்துவிட்டது. இரண்டரை வருஷம் படுக்கையும் எழுந்து உட்காருவதுமாகப் போயிற்று. இதழ் நிற்கவில்லை. அவருடைய எழுத்திலேயே உச்சம் என்று நான் நினைக்கிற ‘ஹ-ஜ-ப-ர-ல’ 1922-இல், நோயின் நடுவில், தொடராக வந்தது.

கைக்குட்டை பூனையாகிவிடுவதில் தொடங்குகிற கதை. ஒரு காக்கை பலகையும் பென்சிலுமாக உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறது. ஏழு இரண்டு எவ்வளவு என்று கேட்க, கதை சொல்கிற எட்டு வயதுப் பையன் பதினான்கு என்கிறான். தப்பு, ஃபெயில் என்கிறது காக்கை. கொஞ்ச நேரம் கழித்து அதுவே பதினான்கு என்று எழுதுகிறது. நான் சொன்னபோது ஏன் தப்பு என்றாய்? நீ சொன்னபோது முழுசாகப் பதினான்கு ஆகவில்லை, பதிமூன்று ரூபாய் பதினான்கு அணா மூன்று தம்படிதான் ஆகியிருந்தது. நான் சரியான நேரம் பார்த்துச் சட்டென்று எழுதியிராவிட்டால் இந்நேரம் பதினான்கு ரூபாய் ஓரணா ஒன்பது தம்படி ஆகியிருக்கும். உங்கள் ஊரில் நேரத்துக்கு விலை கிடையாதா என்று வேறு கேட்கிறது. மாதம் தவறாமல் இதழை அச்சுக்கு ஏற்றியவர்களுக்கு அந்தக் காக்கையை நன்றாகத் தெரியும்.

அதே கதையில் ஒன்றரை முழ உயரத்தில் ஒரு கிழவர், பாதம் வரை பச்சைத் தாடி. அவரிடம் ஒரு அளவு நாடா. எழுத்தெல்லாம் அழிந்து 26 மட்டும்தான் தெரியும், அதனால் அவர் எதை அளந்தாலும் இருபத்தாறு அங்குலம். உன் வயது ஏறுகிறதா இறங்குகிறதா என்று பையனைக் கேட்கிறார். வயது எப்படி இறங்கும்? ஏறிக்கொண்டே போனால் அறுபது எழுபது எண்பது ஆகி, கடைசியில் கிழவனாகிச் சாக வேண்டியதுதான் என்கிறார். அதனால் நாற்பது ஆனதும் திருப்பிவிடுவார்கள். முப்பத்தொன்பது, முப்பத்தெட்டு என்று இறங்கும். பத்துக்கு வந்ததும் மறுபடி ஏற விடுவார்கள். என் வயது ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இப்போது பதிமூன்று என்கிறார்.

இதை என் அக்கா மகளுக்கு வாசித்துக் காட்டியபோது அவள் சிரித்த கையோடு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “சித்தி, அம்மாக்கு முப்பத்தேழு.” அக்காவுக்கு நாற்பத்துமூன்று. “தாத்தாக்குப் பதினாலு. என்னைவிட அஞ்சு வயசுதான் பெரியவரு.” அப்பாவுக்கு எழுபத்துநான்கு. நானும் போட்டுப் பார்த்தேன், சரி. அப்போதுதான் உறைத்தது. அந்தக் கிழவர் ஏறி இறங்கி ஏறிப் பதிமூன்றில் நிற்கிறார் என்றால் உண்மை வயது எழுபத்துமூன்று. பச்சைத் தாடிக்கு அது பொருந்துகிறது. ஒரே வரியில் போகிற கிறுக்குத்தனத்துக்குள் கணக்கு ஒழுங்காக நிற்கிறது!

“இதை எழுதினவருக்கு எத்தனைல திரும்பிச்சு?” என்று கேட்டாள். எழுதியபோது அவருக்கு முப்பத்துநான்கு வயது. திரும்பியிருந்தால் 1927-இல் திரும்பியிருக்க வேண்டும். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

நோயாளி ஒருவர் சாவைப் பற்றிப் போட்ட ஜோக் என்று இந்த இடத்தை அந்த வாசகர் சுட்டிக்காட்டியிருக்கலாம். எனக்கு இதில் தெரிவது கணக்கு. வராந்தா ஆணியில் கோம்புவைத் தொங்கவிட்ட அதே பையன். காய்ச்சல் அவருக்கு இந்த ஜோக்கைக் கொடுக்கவில்லை. காய்ச்சலோடும் அவரால் இதைச் செய்ய முடிந்தது.

குதிரை முட்டை

இதுவரை என் கட்சி பலமாகத்தான் இருக்கிறது. அதைக் குலைக்க வருவது அந்தக் கடைசிப் பாட்டு. புத்தகத்தின் முதல் பாட்டுக்கும் கடைசிப் பாட்டுக்கும் ஒரே தலைப்பு, ‘ஆபோல் தாபோல்’. முதலாவது, வா பித்தா, வா பைத்தியமே என்று ஊரைக் கூப்பிடுகிற பாட்டு. கடைசியை, சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த நாட்களில் எழுதினார். படுக்கையில் இருந்தபடியே அட்டைப்படம், பக்க அமைப்பு எல்லாம் அவரே பார்த்தார். அச்சான புத்தகத்தை மட்டும் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் தாகூர் பார்க்க வந்தார். சுகுமார் பாடச் சொல்லிக் கேட்டார். துயரம் உண்டு, மரணம் உண்டு, ஆனாலும் அமைதி உண்டு என்று போகிற பாட்டைத் தாகூர் பாடினார். எத்தனையோ சாவுகளைப் பார்த்திருக்கிறேன், இவ்வளவு சின்ன ஆயுளைக் கையில் வைத்துக்கொண்டு சாவின் முன்னால் இவ்வளவு நிலைகுலையாமல் நின்றவரை அநேகமாகப் பார்த்ததில்லை என்ற பொருளில் பின்னர் பேசினார். செப்டம்பர் 10 அன்று சுகுமார் போய்விட்டார்.

அந்தக் கடைசிப் பாட்டில் வழக்கத்துக்கு மாறாக ‘நான்’ வருகிறது. போவதற்கு முன்னால் என் மனசுக்குப் பட்டதைச் சொல்லிவிடுகிறேன், அர்த்தம் இல்லாவிட்டால் இல்லை, யாருக்கும் புரியாவிட்டால் போகட்டும் என்கிறார். வெளிச்சம் போர்த்திய இருட்டு, அதன் வாசனையில் மணி அடிக்கிறது. மேடையில் பஞ்ச பூதங்கள் ஆடுகின்றன. யானைகள் கால் மேலே தூக்கியபடி அந்தரத்தில் தொங்குகின்றன. அடங்காத பையன் இன்று நல்ல பிள்ளை. ஆதிகாலத்து நிலவின் குளிர். பூங்கொத்தாகக் கட்டிய குதிரை முட்டைகள். அதற்கு அடுத்த வரி: தூக்கம் கவிந்து வருகிறது, என் பாட்டு முடிந்தது.

நல்ல பிள்ளை வரியிலேயே எனக்குத் தொண்டை அடைத்துவிடும், அதை மறைக்கப் போவதில்லை. அழுகைக் கட்சிக்கு இந்தப் பாட்டு ஒன்றே போதும். ஆனால் வரிசையைப் பாருங்கள். விடைபெறுகிற வரிக்கு ஒட்டினாற்போல முந்தின வரியில் குதிரை முட்டை உட்கார்ந்திருக்கிறது. பரமார்த்த குருவும் சீடர்களும் பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று காசு கொடுத்து வாங்கிய கதை தெரிந்த நமக்கு அந்த முட்டையை விளக்க வேண்டியதில்லை. வங்காளத்திலும் அது ஒன்றுமில்லாததற்கு, சுத்தப் பொய்க்குப் பெயர். அதைப் பூங்கொத்து கட்டி நீட்டிவிட்டு, சரி, தூக்கம் வருகிறது என்கிறார். துயரத்தைச் சிரிப்புக்கு அடியில் புதைத்துவைத்து நம்மைத் தோண்டச் சொல்லவில்லை. இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வரியில் ஒரே சந்தத்தில், அச்சுக்கோத்த மாதிரி நெருக்கி வைத்திருக்கிறார். “உள்ளுக்குள்ள அழுதவங்க” என்பதில் எனக்கு உறுத்தியது அந்த ‘உள்ளுக்குள்ள’தான் என்று இப்போது தோன்றுகிறது. இங்கே உள்ளே என்று ஓர் இடமே இல்லை, எல்லாம் வெளியில் கிடக்கிறது. சத்யஜித் அப்பாவைப் பற்றி எழுதும்போது, வாழ்வுக்கும் சாவுக்கும் நடுவே நின்று இப்படி ஜோக் அடித்த வேறொரு நகைச்சுவையாளரைத் தனக்குத் தெரியாது என்கிறார். மகனே அதை ஜோக் என்றுதான் சொன்னார்.

பக்கம்

சிரிப்பு அந்த வீட்டுத் தொழில் என்று சொல்லிவிட்டால், தொழில் நொடித்தபோது யார் சுமந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சுகுமார் போன சில வருஷங்களில் தம்பி சுபினய் எவ்வளவோ முயன்றும் நிறுவனம் கைமாறியது, ‘சந்தேஷ்’ நின்றது, கர்பார் சாலை வீடும் போயிற்று. சுப்ரபா மகனைக் கூட்டிக்கொண்டு பவானிப்பூரில் இருந்த தன் சகோதரர் வீட்டுக்குப் போனார். விதவைகளுக்கான வித்யாசாகர் வாணி பவனில் தையலும் கைவேலையும் சொல்லிக்கொடுக்கத் தினமும் பஸ் ஏறினார். நன்றாகப் பாடுவார், களிமண்ணில் சிலை செய்வார். சுகுமாரைப் பற்றிய புத்தகங்களில் இவருக்குக் கிடைத்திருப்பது சில பத்திகள். பொபந்தோலாவுக்குக் கிடைத்த கவனம்கூட இவருக்குக் கிடைக்கவில்லை என்பது என் குறை. மகனின் முதல் படத்தைப் பார்த்தார். 1960-இல் காலமானார்.

மறு வருஷம் சத்யஜித், கவிஞர் சுபாஷ் முகோபாத்யாயோடு சேர்ந்து ‘சந்தேஷை’ மறுபடி தொடங்கினார். அதற்கு முன் சிறுவர்களுக்கு அவர் பெரிதாக எழுதியதில்லை. சொந்தப் பத்திரிகை என்றான பிறகு எழுதாமல் முடியுமா? முதலில் லியரை வங்காளியில் கொண்டுவந்தார். அதே 1961-இல் விஞ்ஞானி ஷோங்குவின் டைரி. கிறுக்கு விஞ்ஞானியின் டைரி என்ற யோசனைக்கே முன்னோடி அப்பா ‘சந்தேஷில்’ எழுதிய ஹேஷோராம் ஹுஷியாரின் டைரி. எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிற கொம்ராதேரியம் என்ற ஆதிகால மிருகம் நடமாடுவது அதில்தான். பிறகு லீலா மஜும்தாரும் ஆசிரியராகச் சேர்ந்தார். புலிக் கதைச் சித்தப்பாவின் மகள், சின்ன வயதில் சுகுமார் அண்ணா எழுதச் சொன்னதால் எழுத வந்தவர். புண்யலதாவின் மகள் நளினி தாஸும் வந்தார். அத்தை மகள், சித்தப்பா மகள், மாமன் மகன் என்று மறுபடி அதே வீட்டுக் கூட்டம், மறுபடி மாதக் கெடு. 1965 டிசம்பரில் தொடங்கி மூன்று இதழ்களில் ஒரு துப்பறியும் கதை வந்தது. படமும் சத்யஜித்தே போட்டார். பின்னால் வங்காளமே கொண்டாடிய அந்தத் துப்பறிவாளன் பெயர் ஃபெலூடா. அப்போது ஒரே ஒரு கதைக்காக வந்தவன்தான். அடுத்த இதழுக்கும் பக்கம் வேண்டியிருந்தது.